அவர் சேர்க்காத சீடிகள்

என் வீட்டுக்காரர் பெரிய சினிமா ரசிகர் என்பதை அவருடைய இழவு வீட்டில்தான் நான் தெரிந்துகொண்டேன்.

வாசலில் சாமியானாவுக்குக் கீழே ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில், பெண்களுக்கு நடுவே. எங்கள் தெருமுனைப் படிப்பகத்தை நடத்துகிறவர் துக்கம் கேட்க உள்ளே வந்தார். என் கணவரோடு தினமும் டீக்கடையில் உட்காருகிறவர். கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னார்.

"அண்ணனாட்ட சீடி சேத்தி வெச்சவரு இந்த ஏரியாவுலயே இல்லீங்க. ஒவ்வொண்ணும் அலைஞ்சு திரிஞ்சு பொறுக்குனதுன்னு சொல்லுவாருங்க. ஊட்டுல அம்மணிக்குத்தான் அதெல்லாம் புடிக்காது, சண்ட கட்டித்தான் வெச்சிருக்கறேன்னு சொல்லிச் சிரிப்பாருங்க."

அம்மணி என்றால் நான். எனக்குப் பிடிக்காதாம்.

அதுவரை அழுதுகொண்டிருந்தேன். அழுகை அப்படியே நின்றுவிட்டது. நான் மயங்கி விழப்போகிறேன் என்று நினைத்து நாத்தனார் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மயக்கமெல்லாம் இல்லை. ஆத்திரம். படுத்திருந்த மனிதனை எழுப்பி உட்காரவைத்து, "யாரு சேத்துனதுன்னு சொன்னீங்க?" என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்க முடியாத இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். எங்கள் வீட்டில் இருந்த ஒவ்வொரு சீடியும் டிவிடியும் நான் வாங்கியது. பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌சனில் சேர்ந்த காலத்திலிருந்து வாங்குகிறேன். இந்த ஊரில் சனிக்கிழமை சம்பளம். சம்பளம் கைக்கு வந்ததும் கூட வேலை செய்கிறவர்கள் கறிக்கடைக்கும் நகைச்சீட்டு கட்டவும் போவார்கள். நான் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சீடி கடைக்குப் போவேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் புதிதாக வந்ததை எடுத்து வைப்பார். கேட்கிற பாட்டுகளை எல்லாம் ஒரே சீடியில் பதிந்தும் கொடுப்பார். பிறகு அந்தக் கடைகள் ஒவ்வொன்றாகச் செல்போன் கவர் விற்கும் கடைகளாக மாறின. மூடுகிற கடைகளிலிருந்து மூட்டையாகவும் வாங்கி வந்திருக்கிறேன், இரண்டு பஸ் மாறி, மடியில் வைத்துக்கொண்டு.

நான் சாமளாபுரத்தில் தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவள். ரேடியோவில் பாட்டு வரும். பல்லவி கேட்கும். சரணத்துக்குள் யாராவது தறியைப் போட்டுவிடுவார்கள். அந்தச் சத்தத்தில், அதற்குமேல் பாடகியின் வாய் அசைவதாக நாமே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். எந்தப் பாட்டையும் முழுசாகக் கேட்காமலே எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அதனால் என் காசில், என் வீட்டில், முழுசாகக் கேட்க ஆசைப்பட்டேன். இதற்கு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவருக்கு அது தகடு. "இந்த வாரமும் தகடு வாங்கீட்டு வந்துட்டயா?" என்பார். நிட்டிங் மிசின் ஓட்டுகிறவர். தலையெல்லாம் பஞ்சோடு வந்து நேரே பிளேயர் முன்னால் உட்காருவார். பஞ்சு உள்ளே போனால் லென்ஸ் படிக்காது, வாசலில் தட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை போயிற்று. படம் போட்டால் எழுத்து ஓடி முடிவதற்குள் குறட்டை வந்துவிடும். டிரேயைத் திறக்க எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்றுகூடத் தெரியாது. அவர்தான் அலைந்து திரிந்து பொறுக்கினாராம்.

நான் அவற்றை வைத்திருந்த முறையைச் சொன்னால்தான் பிறகு நடந்ததன் அநியாயம் புரியும். நடுவீட்டுச் சுவரில், வெயில் படாத பக்கம், ஓர் இரும்பு ரேக். மாடி அறையில் வைக்கக் கூடாது. இங்கே அடிக்கிற வெயிலில் பிளாஸ்டிக் கவர் இளகித் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் கவருக்குள் டிஸ்யூ பேப்பர் வைத்தேன், ஏற்றுமதிச் சட்டை மடிப்புக்குள் வைப்பதே அதுதான். படுக்க வைக்காமல் நிறுத்தித்தான் வைப்பேன். பெட்டிக்குப் பெட்டி சிலிக்கா ஜெல் பொட்டலம். துடைப்பதற்குப் பனியன் துணி, நடுவிலிருந்து வெளியே நேராக இழுக்க வேண்டும், வட்டமாகத் துடைத்தால் கீறல் விழும். இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கெட்டுப்போனதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

அடுக்குவதற்குச் சட்டையின் சைஸ் ஸ்டிக்கர்களையே வைத்துக்கொண்டேன். உறைமேல்தான் ஒட்டுவேன், தகட்டின்மேல் ஒருபோதும் ஒட்ட மாட்டேன். ஸ்மால் என்றால் ரசம் கொதிப்பதற்குள் முடிகிறவை, நகைச்சுவைக் காட்சிகள். மீடியம் என்றால் துணி மடிக்கிற நேரத்துக்கான பாட்டுகள். லார்ஜ் ஒரு முழுப் படம். எக்ஸெல் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும், இரண்டு மூன்று தகடுகளில் வருகிற பழைய புராணப் படங்கள். டபுள் எக்ஸெல் என்று ஒரு பெட்டி. அழ வேண்டும் போல இருக்கும் நாட்களுக்கு. கம்பெனியில் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிய நாள், என் தாய் இறந்த வருஷம், மகன் பரீட்சையில் தோற்ற நாள். மற்றவர்கள் முன்னால் அழ எனக்கு வராது. அந்தப் பெட்டியைத் திறந்தால் வரும்.

"ஏனுங்க அண்ணி, சீடிக்கு எதுக்குங்க சைஸு? உங்க படமெல்லாம் தொவைச்சாச் சுருங்கீருமா?" என்று கொழுந்தனார் வரும்போதெல்லாம் கேட்பார். கணவரின் தம்பி. கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். ஆக, அவருக்கும் தெரியும், அது யாருடையது என்று.

கருமாதியன்று, இறந்தவர் பொருட்களை எடுத்துக் கொடுக்கிற பேச்சு வந்தது. எங்கள் பக்கம் அப்படித்தான், அவர் உடுத்தியது, புழங்கியது எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். வேட்டி சட்டை ஒருவருக்கு, செருப்பு ஒருவருக்கு, சைக்கிள் ஒருவருக்கு. நான் மூலையில் உட்காரவைக்கப்பட்டிருந்தேன். தாலி இறங்கிய கழுத்தோடு உட்கார்ந்திருக்கிறவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அவளைச் சுற்றிப் பேசுவார்கள், அவ்வளவுதான். படிப்பகக்காரர், "அண்ணன் சேத்துன சீடியெல்லாம் நம்ம படிப்பகத்துல வெச்சா, அண்ணன் பேரு நிக்குமுங்க" என்றார். கொழுந்தனார், "அருமையான ரோசனைங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அதை ஏதோ ஆறுதல் பேச்சு என்று நினைத்தேன். கூட்டம் கலையட்டும், அந்த டபுள் எக்ஸெல் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதுதான் என் மனசில் இருந்த ஒரே எண்ணம். இழவு வீட்டில் நின்றுபோன அழுகை எனக்குள்ளேயே கிடந்தது. அது வெளியே வந்தாக வேண்டும்.

மறுபடி வேலைக்குப் போன அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். ரேக் காலியாக இருந்தது. பெட்டிகள் இருந்த இடங்கள் மட்டும் தூசியில்லாமல் சதுரம் சதுரமாகத் தெரிந்தன.

மகன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு மெர்ச்சன்டைசிங் ஆபீசில் வேலை செய்கிறான்.

"எங்கடா?"

"சித்தப்பா வந்து எடுத்துட்டுப் போனாரும்மா. ஞாயித்துக்கெழமை படிப்பகத்துல தொறப்பு விழா. நோட்டீஸெல்லாம் அடிச்சாச்சு."

"யாரக் கேட்டுக் குடுத்தே?"

"அப்பா ஞாபகமா வெக்கறாங்கம்மா."

"அது உங்கப்பா வாங்குனதா?"

அவன் செல்போனைக் கவிழ்த்து வைத்தான். பிறகு மெதுவாக, "எனக்குத் தெரியும்மா. ஆனா அப்பா வெளிய அப்படித்தான் சொல்லி வெச்சிருக்காரு. இப்பப் போயி இல்லைன்னு சொன்னா அவரு பேரு கெட்டுப்போயிரும். யாரு வாங்குனா என்ன? நீங்க கேக்கறதெல்லாம் போன்லயே இருக்குது, நானே போட்டுத் தர்றேன்" என்றான்.

போனில் இருக்கிறதாம். பாட்டுக்கு நடுவே பல்பொடி விளம்பரம். போன மாதம் இருந்த படம் இந்த மாதம் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. தெரிந்தே கொடுத்திருக்கிறான். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பையைத் தூக்கிக்கொண்டு வந்ததை வாசலில் நின்று பார்த்து வளர்ந்தவன். டீக்கடை ஆட்கள் ஏமாந்ததை விட்டுவிடலாம். இவன் ஏமாறவில்லை. அப்பன் பேருக்கு ஒரு சொத்து வேண்டும், அம்மாவுடையதை எடுத்து அதில் வைத்தால் போதும் என்று முடிவு செய்திருக்கிறான். கையிலிருந்த டிபன் பாத்திரத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டு நடந்தேன்.

படிப்பகம் ஒரே ஒரு ஷட்டர் அறை. உள்ளே கொழுந்தனாரும் படிப்பகக்காரரும் தரையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். என் பெட்டிகள் கவிழ்த்துக் கிடந்தன. தகடுகளை உறையிலிருந்து உருவி, தோசை அடுக்குவது போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள்.

"வாங்கண்ணி" என்றார் கொழுந்தனார். "நடிகர் வாரியா பிரிச்சிட்டு இருக்கறோமுங்க. நீங்க அடுக்குனது ஒண்ணும் வெளங்குலீங்க. அழுகாச்சிப் படமெல்லாம் ஒரே பொட்டிக்குள்ள கெடக்குது."

அப்போதுதான் ஸ்டிக்கரைப் பார்த்தேன்.

என் கொழுந்தனார் லேபிள் அடிக்கிற கம்பெனி வைத்திருக்கிறார். பனியன் கவர்மேல் ஒட்டுகிற ஸ்டிக்கர்தான் அவர் தொழில். கப்பலில் மாதக்கணக்கில் போனாலும் கழன்று விழக் கூடாத பசை. அந்த ஸ்டிக்கரில் என் கணவரின் முகம், கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் போட்ட அதே போட்டோ. அதன் கீழே, "அன்னார் ஆசையாய்ச் சேர்த்தவை." உறைமேல் ஒட்டவில்லை. உறை மாறிவிடும் என்று தகட்டின்மேலேயே ஒட்டியிருந்தார்கள். ரோல் ரோலாகக் கிடந்தது. தொழில்காரர் இல்லையா, நேராகவும் அழகாகவும் ஒட்டியிருந்தார்.

"இதெல்லாம் என்னோடது" என்றேன்.

படிப்பகக்காரர் கொழுந்தனாரைப் பார்த்தார். கொழுந்தனார் சுவரைப் பார்த்தார்.

"அண்ணி, துக்கத்துல இருக்கறீங்க. உக்காருங்க, டீ சொல்றேன்."

"டீ வேண்டாந் தம்பி. யாரு வாங்குனதுன்னு அவருகிட்டச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும்."

"அண்ணிதானுங்க வாங்குனாங்க" என்றார் கொழுந்தனார், படிப்பகக்காரரிடம், ஏதோ ரகசிய நோயைச் சொல்வது போலக் குரலைத் தாழ்த்தி. பிறகு என்னிடம், "அண்ணன் பேருல வந்தா உங்க பேருல வந்த மாதிரித்தானுங்களே? வேணும்னா அடியில ஒரு வரி சேத்தி அடிச்சர்றேன். ஒத்துழைப்பு, துணைவியார்னு."

ஒத்துழைப்பு.

"ஒட்டுனதை எடுங்க" என்றேன்.

"இதென்னங்க பெரிய விசயம், புடுங்கீட்டாப் போச்சு" என்று கையருகே இருந்த சீடியை எடுத்து, நகத்தால் ஓர் ஓரத்தை நெம்பிச் சர்ரென்று உரித்தார்.

நான் தடுப்பதற்குள் முடிந்துவிட்டது. எல்லோரும் சீடியின் கீழ்ப்பக்கம்தான் முக்கியம் என்று நினைக்கிறார்கள். பாட்டு இருக்கிற வெள்ளிப்பூச்சு மேல்பக்கத்தில்தான் இருக்கிறது, மெல்லிய தோல் போல. டிவிடியில் அது நடுவில் இருக்கும், ஓரளவு தப்பும். சீடியில் தப்பாது. ஸ்டிக்கரோடு வெள்ளி முழுக்க உரிந்து வந்தது. அவர் கையில் ஒரு கண்ணாடிச் சில்லு மிஞ்சியது. அதன் வழியாக அந்தப் பக்கம் இருந்த படிப்பகக்காரரின் சட்டைப் பட்டன் தெரிந்தது.

அது கடைக்காரர் எனக்கென்று பதிந்து கொடுத்த சீடி. என் தாய் இறந்த வருஷம், நான் ஒவ்வொரு பாட்டாகச் சொல்லச் சொல்ல, அவர் தேடித் தேடி ஏற்றியது. கடையும் இல்லை, கடைக்காரரும் இல்லை. டபுள் எக்ஸெல் பெட்டியில் முதலாவதாக நின்றது அதுதான்.

"ஒண்ணுதானுங்களே அண்ணி" என்றார் கொழுந்தனார்.

அதற்குமேல் நான் பேசியதை எழுதினால் நன்றாக இருக்காது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் இப்படிக் கத்தலாமா என்று ஒரு பெண் சொன்னது காதில் விழுந்தது. புருஷன் போனதற்கு நான் கத்தவில்லை. உயிரோடு இருந்தபோது என் சனிக்கிழமைகளை எடுத்துத் தன் பேரில் டீக்கடையில் விற்றுக்கொண்டிருந்தாரே, அதற்குக் கத்தினேன். "சும்மா இருந்திருந்தாக்கூடப் பரவாயில்ல, எனக்குப் புடிக்காதுன்னு சொன்னாரே, அதைச் சொல்லாம இருந்திருக்கலாமில்ல?" என்று கேட்டேன். பதில் சொல்ல வேண்டியவர் ஸ்டிக்கரில் சிரித்துக்கொண்டிருந்தார்.

மகன் ஓடி வந்தான். "அம்மா, ஊட்டுக்கு வாங்க, நாலு பேரு பாக்கறாங்க" என்றான்.

"பாக்கட்டும். போயி வண்டி கூட்டிட்டு வா."

காலையில் எடுத்துப்போன அதே குட்டியானை வண்டிதான் வந்தது. டிரைவர் தென்காசிப் பக்கத்து ஆள். பெட்டிகளைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார்.

"யக்கா, காலைல ஏத்துன்னாவ, ஏத்துனேன். எறக்குன்னாவ, எறக்குனேன். இப்பம் மறுபடியும் ஏத்தச் சொல்லுதிய. இது யாரு சாமான்னு ஒரு முடிவுக்கு வாங்கக்கா."

"என்னோடது" என்றேன்.

"அப்பம் சரி" என்று பெட்டியைத் தூக்கினார். அந்த நாளில் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டது அந்த மனிதர் ஒருவர்தான்.

படிப்பகக்காரர் வாசலில் நின்று கையைப் பிசைந்தார். "ஞாயித்துக்கெழமைக்கு நான் என்னங்க பண்றது? கவுன்சிலர் வர்றாரு. அண்ணன் பேருல ஒண்ணுமில்லாமப் போயிருமுங்களே."

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சொன்னதை நம்பியவர். அதனால் பதில் சொன்னேன். "அவருக்குக் கேரம் நல்லா வரும். இந்தத் தெருவுல அவர ஜெயிச்ச ஆளு இல்ல. அது பொய்யில்ல. ஒரு கேரம் போர்டு வாங்கி அவரு பேரைப் போடுங்க."

"கேரம் போர்டைத் தொறக்கறதுக்குக் கவுன்சிலர் வருவாருங்களா?" என்றார் கொழுந்தனார்.

வந்தார். ரிப்பனும் வெட்டினார். நான் போகவில்லை. கொழுந்தனார் அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. வரும்போது வரட்டும்.

பெட்டிகளைத் திரும்ப அடுக்குவதுதான் இப்போது என் ஞாயிற்றுக்கிழமை. டிவிடிகளில் ஒட்டியிருந்ததை ஹேர் டிரையர் வைத்துச் சூடாக்கி மெதுவாக உரித்துவிட்டேன். சில பிழைத்தன. சீடிகளில் கை வைக்க முடியாது. அவர் முகத்தை உரித்தால் பாட்டும் கூடவே போகும். ஸ்டிக்கரோடு போட்டால் பாரம் ஒரு பக்கம் இழுத்துப் பிளேயர் தடதடவென்று ஆடுகிறது, இருந்தாலும் பாடுகிறது. அவரைச் சுமந்துகொண்டுதான் சுற்ற வேண்டும் என்று ஆகிவிட்டது. ஸ்டிக்கர் இருக்கிற வரைக்கும், யார் எடுத்துப் பார்த்தாலும் அன்னார் ஆசையாய்ச் சேர்த்தவை என்றுதான் படிப்பார்கள். நான் போன பிறகும் அப்படித்தான் படிப்பார்கள்.

அதனால் கம்பெனியில் அட்டைப்பெட்டிமேல் எழுதுகிற மார்க்கரில் ஒரு டஜன் வாங்கி வந்தேன். ஒவ்வொரு சீடியாக எடுக்கிறேன். அவர் முகத்தைத் தொடுவதில்லை, அது இருந்துவிட்டுப் போகட்டும். கீழே இருக்கிற வரியை அடிக்கிறேன். அதன்மேல், "வாங்கியது நான்" என்று எழுதி என் பேரைப் போடுகிறேன்.

போன வாரம் மகன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அப்பா மேல இன்னும் கோவமாம்மா?"

"ஆமா."

"எப்பத்தான் தீரும்?"

"தெரியாது. இது எழுதறதை நிறுத்தீருச்சு, வேற மார்க்கர் எடு."

எடுத்துக் கொடுத்தான். பிறகு தானும் ஒன்றைத் திறந்துகொண்டு எதிரில் உட்கார்ந்து, ஒரு சீடியைக் கையில் எடுத்தான். உதவி செய்கிறானாம். நான் எட்டி அவன் கையிலிருந்த மார்க்கரை வாங்கி மூடி வைத்தேன். துடைக்கச் சொல்லிப் பனியன் துணியைக் கொடுத்தேன். எழுத்து என் கையெழுத்தாகத்தான் இருக்க வேண்டும்.